தூண்டலுக்குப் பின் மின்முனையில் தங்கும் மின்னழுத்தம்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் முறை

இதயமுடுக்கி (பேஸ்மேக்கர்) ஒரு தூண்டல் பல்ஸை அனுப்பி முடித்த மறுகணமே, அதே மின்முனை வழியாக இதயத்தின் மறுமொழியை உணரத் தயாராக வேண்டியிருக்கிறது. அனுப்பியது 2 அல்லது 3 வோல்ட். திரும்பி வருவதோ சில மில்லிவோல்ட். இவ்விரண்டுக்கும் நடுவில், மின்முனையின் பரப்பில் தேங்கி நின்று மெல்ல வடியும் மின்னழுத்தம் ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே எச்சம் என்று குறிப்பிடுகிறேன். இந்த எச்சத்தைக் கருவி இதயத்தின் மறுமொழி என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த வரிசையில் குறைப்பது என்பதை, பேஸ்மேக்கர் பரிசோதனை அறையில் பணிபுரியும் தொழில்நுட்பர்களையும் ஆய்வுமேசையில் லீடுகளை (கருவியை இதயத்தோடு இணைக்கும் கம்பிகளை) சோதிக்கும் பொறியாளர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு கண்டிப்பான நிபந்தனை. நோயாளியின் கருவியில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் இதய மருத்துவரின் முன்னிலையில், ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே செய்யப்பட வேண்டும். நோயாளி முழுவதுமாகப் பேஸ்மேக்கரை நம்பி இருப்பவரானால், வெளியிலிருந்து தூண்டும் வசதி கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்க வேண்டும்.

எச்சம் எங்கிருந்து வருகிறது

லீடின் உலோகத்துக்குள் மின்னோட்டத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள். திசுவுக்குள் சுமப்பவை அயனிகள். இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒரு மின்தேக்கி தானாகவே உருவாகிவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் விவரித்த இரட்டை அடுக்கு இதுதான். தூண்டல் பல்ஸ் கடந்து செல்லும்போது இந்த அடுக்கு மின்னூட்டம் பெறுகிறது. பல்ஸ் நின்ற பிறகும் அந்த மின்னூட்டம் உடனே மறைந்துவிடுவதில்லை.

கணக்காகப் போட்டுப் பார்த்தால் அளவு புரியும். 2.5 வோல்ட், 0.4 மில்லிநொடி, 500 ஓம் என்று எடுத்துக்கொள்வோம். மின்னோட்டம் 5 மில்லிஆம்பியர். கடந்து சென்ற மின்னூட்டம் 2 மைக்ரோகூலோம். மின்முனைப் பரப்பின் மின்தேக்குதிறன் 5 மைக்ரோஃபாரடாக இருந்தால், அதன்மேல் 400 மில்லிவோல்ட் ஏறி நிற்கும். அதுவே 50 மைக்ரோஃபாரடாக இருந்தால் 40 மில்லிவோல்ட்தான். கீழறையின் தூண்டல் மறுமொழி பொதுவாகச் சில மில்லிவோல்ட் முதல் இருபது மில்லிவோல்ட் வரையில் இருக்கிறது என்பதையும், கீழறைச் சென்சிங் அளவு (கருவி துடிப்பு என்று எண்ணும் மிகக் குறைந்த உயரம்) 2 மில்லிவோல்ட்டை ஒட்டி வைக்கப்படுவது வழக்கம் என்பதையும் இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த மின்னூட்டத்தை வெளியேற்றத்தான், பல்ஸ் முடிந்தவுடன் கருவி மின்முனைகளை ஒரு சுவிட்ச் வழியாகச் சில மில்லிநொடிகளுக்கு இணைத்து வைக்கிறது. இதை ரீசார்ஜ் கட்டம் என்பார்கள். வெளியீட்டுச் சுற்றில் தொடராக இருக்கும் மின்தேக்கி 10 மைக்ரோஃபாரட், மின்முனைப் பரப்பு 50 மைக்ரோஃபாரட் என்றால், 500 ஓம் வழியாக வடியும் கால மாறிலி ஏறத்தாழ 4 மில்லிநொடி. ரீசார்ஜ் 10 மில்லிநொடி மட்டும் நடந்தால் 9 சதவீத மின்னூட்டம் மிஞ்சுகிறது. அது மின்முனையில் 3.6 மில்லிவோல்ட்டாகத் தெரியும். 20 மில்லிநொடி நடந்தால் அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். இது இலட்சிய மின்தேக்கிக்குப் போட்ட கணக்கு. உண்மையான பரப்பில் அயனிகள் ஊடுருவி நகர நேரம் பிடிப்பதால், வால் இதைவிட நீண்டு இழுபடும்.

1958இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஓகே செனிங்கும் ரூனே எல்ம்க்விஸ்டும் முதன்முதலில் உடலுக்குள் பொருத்திய கருவிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அது நிலையான வேகத்தில் தூண்டியதே தவிர, இதயத்தின் மின்குறிகளை உணரவில்லை. இதயம் தானாகத் துடிக்கும்போது ஒதுங்கி நிற்கும் கருவிகள் 1960களில் வந்த பிறகுதான் எச்சம் ஒரு பிழையாக மாறியது.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

பிழையைத் தேடுமுன் லீடின் மின்தடையைப் பாருங்கள். முன்பு 550 ஓம் காட்டிய லீடு இப்போது 200க்குக் கீழே காட்டினால் காப்புறை கிழிந்திருக்கலாம். 2000ஐத் தாண்டினால் கம்பி முறிந்திருக்கலாம், அல்லது இணைப்புத் திருகு தளர்ந்திருக்கலாம். இவை எச்சத்தைப் போலவே வேடம் போடும். எச்சம் என்று நினைத்து அமைப்புகளை மாற்றிக்கொண்டிருந்தால், முறிந்த லீடு நம் கண்ணிலிருந்து தப்பிவிடும்.

மின்தடை சரியாக இருந்தால், சந்தேகப்படும் மின்குறி எச்சமா மறுமொழியா என்று பிரித்தறிய வேண்டும். இதற்கு ஓர் இயற்கை விதி துணை நிற்கிறது. இதயத் தசையின் மறுமொழி இருந்தால் முழுமையாக இருக்கும், இல்லாவிட்டால் இல்லவே இல்லை. தூண்டலின் வலிமையைக் கூட்டினால் அது வளர்வதில்லை. எச்சமோ அனுப்பிய மின்னூட்டத்தின் விகிதத்திலேயே வளரும். ஆகவே வெளியீட்டை 2.5 வோல்ட்டிலிருந்து 3.5 வோல்ட்டுக்கு உயர்த்தி, அதே குறியின் உயரத்தைப் புரோகிராமர் (கருவியை வெளியிலிருந்து படித்து மாற்றும் கணினி) திரையில் மீண்டும் அளவிடுங்கள். அது ஏறத்தாழ 1.4 மடங்கு உயர்ந்தால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது எச்சம். அசையாமல் நின்றால் மறுமொழி. இரண்டும் கலந்திருந்தால் கொஞ்சம் உயரும். அப்போது ஒரே அளவீட்டை நம்பாமல், மூன்று நான்கு வோல்ட் அளவுகளில் எடுத்துக் கோடு வரைந்து பார்ப்பது நல்லது.

எச்சத்தை மட்டும் தனியாகப் பார்க்க விரும்பினால் இரட்டைப் பல்ஸ் முறை இருக்கிறது. முதல் பல்ஸ் தசையைத் தூண்டிவிடுகிறது. சுமார் 100 மில்லிநொடிக்குள் வரும் இரண்டாவது பல்ஸ், தசை இன்னும் ரிஃப்ராக்டரி நிலையில் (மறுபடியும் தூண்ட முடியாத நிலையில்) இருக்கும்போது விழுவதால், எந்த மறுமொழியையும் எழுப்புவதில்லை. அதன் பின்னால் தெரிவது முழுக்க எச்சமே. இந்த இடைவெளியை நீட்டிப் பார்க்க ஒருபோதும் முயலக்கூடாது. தள்ளிப்போகும் பல்ஸ் டி அலையின்மேல் (கீழறை துடித்தபின் பழைய நிலைக்குத் திரும்பும்போது ஈசிஜியில் தெரியும் அலையின்மேல்) விழுந்தால் ஆபத்தான துடிப்பைக் கிளப்பிவிட வாய்ப்பு உண்டு. கருவியின் மென்பொருளிலேயே இந்தச் சோதனை இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: கேப்சர் (தூண்டல் இதயத்தைத் துடிக்க வைப்பது) இருக்கிறது என்று கருவி சொல்கிறது, ஈசிஜியில் துடிப்பு இல்லை

எல்லா அறிகுறிகளிலும் இதுவே மிகவும் ஆபத்தானது. தானியங்கிக் கேப்சர் சோதனை உள்ள கருவிகள், தூண்டலுக்குப் பின் ஒரு குறுகிய கால இடைவெளியில் மறுமொழி வருகிறதா என்று பார்த்து, வந்தால் வெளியீட்டைக் குறைத்துக்கொண்டே போகின்றன. எச்சத்தை மறுமொழி என்று நம்பிவிட்ட கருவி, இதயம் துடிக்காத நிலையிலும் வெளியீட்டைக் குறைத்துக்கொண்டே இருக்கும். தூண்டல் தவறும்போது உடனே அனுப்ப வேண்டிய காப்புப் பல்ஸையும் அனுப்பாது.

முதல் வேலை எச்சத்தைக் குறைப்பதல்ல. தானியங்கி வசதியை நிறுத்தி, த்ரெஷோல்டை (இதயத்தைத் துடிக்க வைக்கப் போதுமான மிகக் குறைந்த வோல்ட்டை) கையால் அளந்து, குறைந்தது அதன் இரு மடங்கு வோல்ட்டில் வெளியீட்டை நிலையாக வையுங்கள். நோயாளி பாதுகாப்பாக இருக்கிறார் என்று உறுதியான பிறகுதான் மற்றவை.

அடுத்து, பல்ஸின் அகலத்தைப் பாருங்கள். 1.0 மில்லிநொடியில் வைக்கப்பட்டிருந்தால் அதைச் சுருக்குவதே பெரும்பாலும் மிகுந்த பலன் தரும். ரியோபேஸ் (பல்ஸ் எவ்வளவு அகலமானாலும் தேவைப்படும் குறைந்தபட்ச வோல்ட்) 0.5 வோல்ட், குரோனாக்ஸி (அதன் இரு மடங்கு வோல்ட்டில் தூண்டத் தேவையான அகலம்) 0.4 மில்லிநொடி கொண்ட ஒரு லீடை எடுத்துக்கொள்வோம். 1.0 மில்லிநொடி அகலத்தில் அதன் த்ரெஷோல்டு 0.7 வோல்ட், 0.4 மில்லிநொடியில் 1.0 வோல்ட். வோல்ட் கூடியிருப்பதைப் பார்த்து எச்சமும் கூடும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 500 ஓமில் மின்னூட்டத்தைக் கணக்கிட்டால் முதலாவது 1.4 மைக்ரோகூலோம், இரண்டாவது 0.8 மைக்ரோகூலோம். எச்சத்தைத் தீர்மானிப்பது மின்னூட்டம்; ஆகவே குறுகிய பல்ஸே மேல். இரு மடங்குப் பாதுகாப்பை இரண்டுக்கும் சமமாகக் கொடுத்தாலும் இந்த விகிதம் மாறாது.

மூன்றாவதாக, எந்த மின்முனைகளுக்கு இடையே தூண்டுகிறோம், எவற்றுக்கு இடையே உணர்கிறோம் என்பதைப் பாருங்கள். லீடின் முனைக்கும் கருவியின் உறைக்கும் இடையே தூண்டி, வளையத்துக்கும் உறைக்கும் இடையே மறுமொழியை உணரும் ஏற்பாடு இருந்தால், வளையத்தின் வழியாகத் தூண்டல் மின்னோட்டம் சென்றிருக்காது. அங்கே எச்சமும் தேங்கியிருக்காது. மின்னூட்டம் ஏறாத மின்முனையில் உணர்வது, ஏறிய மின்முனையில் வடிகட்டிப் பார்ப்பதைவிட எப்போதும் சுத்தமானது. எல்லாக் கருவிகளும் இந்தத் தெரிவைத் தருவதில்லை. தந்தால் தயங்காமல் சோதித்துப் பாருங்கள்.

இவை எல்லாம் செய்தும் எச்சம் மறுமொழிக்கு நெருக்கமான உயரத்திலேயே நின்றால், அந்த லீடுக்குத் தானியங்கி வசதி பொருந்தாது என்று முடிவு செய்துவிட வேண்டும். இது என் உறுதியான கருத்து. பழைய, வழவழப்பான பரப்புள்ள லீடு புதிய கருவியோடு இணைக்கப்பட்ட நோயாளிகளில் இந்த நிலை அதிகம் வரும். உணர்திறனை நூலிழையில் சரிக்கட்டி வசதியை ஓட வைப்பதால் மிச்சமாகும் மின்கல ஆயுளுக்காக, ஒரு துடிப்பைத் தவறவிடும் வாய்ப்பை ஏற்கக் கூடாது.

அறிகுறி: துடிப்பு சரியாக இருக்கிறது, கருவியோ காப்புப் பல்ஸ்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது

இங்கே நேர்மாறான பிழை. மறுமொழி வந்திருக்கிறது, கருவிக்கு அது தெரியவில்லை. வெளியீடு உச்சத்துக்கு ஏறி நிற்பதும், மின்கலம் எதிர்பார்த்ததற்கு முன்பே இறங்குவதும் இதன் தடயங்கள்.

எச்சத்தைக் குற்றம் சொல்லுமுன் ஃப்யூஷன் துடிப்புகளை விலக்குங்கள். நோயாளியின் சொந்தத் துடிப்பும் தூண்டலும் ஒரே நேரத்தில் சேரும்போது மறுமொழியின் வடிவம் மாறிவிடும். மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலான ஏவி இடைவெளியைச் சற்றுக் குறைத்து, முழுவதும் தூண்டப்பட்ட துடிப்புகளாக வரவிட்டுப் பாருங்கள். காப்புப் பல்ஸ்கள் நின்றுவிட்டால் எச்சத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நிற்காவிட்டால், எச்சத்தின் திசையைக் கவனியுங்கள். தூண்டும் முனை எதிர்மின்முனையாக இருப்பதால், மிஞ்சும் எச்சமும் எதிர்த்திசையில்தான் (மைனஸ் பக்கம்) இருக்கும் என்று எதிர்பார்ப்போம். சில மின்முனைகளில் அது நேர்த்திசைக்குப் புரண்டிருப்பதைக் காணலாம். பல்ஸின்போது மின்னூட்டத்தின் ஒரு பகுதி இரட்டை அடுக்கில் தேங்காமல், வேதிவினைகள் வழியாகக் கசிந்து போய்விடுகிறது. ரீசார்ஜ் கட்டமோ தொடர் மின்தேக்கியில் ஏறிய மின்னூட்டம் முழுவதையும் திருப்பித் தள்ளுகிறது. கசிந்த அளவுக்கு மின்முனை மறுபுறம் சாய்ந்துவிடுகிறது. இந்த நேர்த்திசை வால், எதிர்த்திசையில் இறங்கும் மறுமொழியைத் தின்றுவிடும்.

இந்த நிலையில் ரீசார்ஜ் காலத்தை நீட்டினால் நிலைமை மோசமாகலாம் என்பதால், முன்பு சொன்ன கணக்கை இங்கே கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது. நோயாளியிடம் நம் கையில் இருக்கும் மருந்து மின்னூட்டத்தைக் குறைப்பது ஒன்றுதான்: அகலத்தைச் சுருக்குவது, த்ரெஷோல்டு அனுமதித்தால் வோல்ட்டைக் குறைப்பது. பரப்பின்மேல் ஏறும் மின்னழுத்தம் குறைந்தால் கசிவும் குறையும்.

அறிகுறி: நிர்ணயித்த வேகத்தைவிட மெதுவாகத் தூண்டுகிறது

கீழறையில் மட்டும் தூண்டும் கருவி நிமிடத்துக்கு 70 என்று வைக்கப்பட்டிருக்கிறது. ஈசிஜியில் 54 வருகிறது. இடைவெளிகளை அளந்து பாருங்கள். 70க்கு உரிய இடைவெளி 857 மில்லிநொடி. கிடைப்பது 1107 மில்லிநொடி என்றால், வித்தியாசம் 250. கருவியின் ரிஃப்ராக்டரி காலம் (தூண்டலுக்குப் பின் எந்தக் குறியையும் துடிப்பாக எண்ணாமல் விடும் நேரம்) எவ்வளவு வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதுவும் 250 என்றால் விடை கையில் கிடைத்துவிட்டது. ரிஃப்ராக்டரி முடிந்த கணத்தில் இன்னும் வடியாமல் நிற்கும் எச்சத்தைக் கருவி ஒரு துடிப்பாக எண்ணி, கடிகாரத்தை மறுபடியும் தொடங்குகிறது.

டி அலையும் இதே தவறைச் செய்விக்கும். இரண்டையும் பிரிக்க, ரிஃப்ராக்டரியை 250லிருந்து 280 ஆக்குங்கள். வித்தியாசமும் 280க்கு நகர்ந்தால், எல்லையில் காத்திருக்கும் எச்சம். டி அலையாக இருந்தால் தன் இடத்திலேயே நிற்கும், அல்லது ரிஃப்ராக்டரிக்குள் விழுந்து மறைந்துவிடும். காந்தத்தை வைத்தால் பெரும்பாலான கருவிகள் உணர்வதை நிறுத்திவிட்டு நிலையான வேகத்தில் தூண்டும். அப்போது இடைவெளி ஒழுங்காகிவிட்டால் பிழை உணர்தலில்தான் என்பது உறுதிப்படும்.

ரிஃப்ராக்டரியை நீட்டுவதால் எச்சம் குறைவதில்லை. அது மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். மறைந்திருக்கும் நேரத்தில் வரும் உண்மையான துடிப்பும் மறைந்துபோகும். ஆகவே முதலில் அகலத்தையும் வோல்ட்டையும் குறைத்து மின்னூட்டத்தை இறக்குங்கள். அதன்பின் சென்சிங் அளவை 2 மில்லிவோல்ட்டிலிருந்து சற்று உயர்த்திப் பாருங்கள், ஆனால் நோயாளியின் ஆர் அலையின் (கீழறையின் சொந்தத் துடிப்பு தரும் மின்குறியின்) பாதி உயரத்தைத் தாண்டாதீர்கள். ரிஃப்ராக்டரி கடைசியாக வரட்டும்.

அறிகுறி: மேலறைத் தூண்டலுக்குப் பின் கீழறைத் தூண்டல் நின்றுபோகிறது

இரு அறைக் கருவிகளில் மேலறையின் பல்ஸையும் அதன் வாலையும் கீழறைச் சென்சிங் பிடித்துக்கொள்வதை கிராஸ்டாக் என்கிறோம். பாதுகாப்புத் தூண்டல் (இப்படி ஏதேனும் பிடிபட்டால் கீழறையைச் சீக்கிரமே தூண்டிவிடும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால் ஏவி இடைவெளி திடீரென 110 மில்லிநொடியை ஒட்டிச் சுருங்கியிருக்கும். ஈசிஜியில் அந்தச் சுருக்கத்தைப் பார்த்தவுடனேயே சந்தேகம் வர வேண்டும். மேலறை வெளியீட்டைக் குறைப்பது, மேலறைத் தூண்டலை பைபோலாருக்கு (லீடின் முனைக்கும் வளையத்துக்கும் இடையே) மாற்றுவது, கீழறையின் பிளாங்கிங் காலத்தை (மேலறைப் பல்ஸுக்குப் பின் கீழறைச் சென்சிங் கண்மூடியிருக்கும் நேரத்தை) சிறிது நீட்டுவது என்ற வரிசையில் போனால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பாதுகாப்புத் தூண்டலை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

ஆய்வுமேசையில்: புதிய மின்முனை எதிர்பாராத அளவு எச்சத்தைக் காட்டுகிறது

மேசைமேல் வரும் புகார்களில் பாதி மின்முனையுடையவை அல்ல. மின்முனை மூழ்கியிருக்கும் சலைன் (உப்புக் கரைசல்) குவளையைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ஒரு 500 ஓம் மின்தடையை வையுங்கள். மின்தடைக்கு இரட்டை அடுக்கு கிடையாது. அப்போதும் வால் தெரிந்தால் அது பெருக்கியுடையது, அல்லது வெளியீட்டுச் சுற்றின் தொடர் மின்தேக்கியுடையது. பெருக்கி நிரம்பி வழிந்திருந்தால் வால் வளைந்து இறங்காது. மேசைபோல் தட்டையாக நின்று, பிறகு சட்டென்று விழும். ஆசிலோஸ்கோப்பில் அந்தத் தட்டையான தலையை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

மின்தடையோடு சுத்தமாக இருந்து, சலைனில் மட்டும் எச்சம் வந்தால், மின்முனை நன்றாக நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். டைட்டேனியம் நைட்ரைடு, இரிடியம் ஆக்சைடு, நுண்துளைப் பிளாட்டினம் போன்ற பரப்புகளின் வலிமை முழுவதும் அவற்றின் நுண்ணிய குழிகளில்தான் இருக்கிறது. சில சதுர மில்லிமீட்டர் அளவேயுள்ள முனை, இந்தக் குழிகளால் பல நூறு மடங்கு பரப்பைப் பெறுகிறது. குழிகளுக்குள் காற்று அடைத்திருந்தால் அந்தப் பரப்பு வேலை செய்யாது. ஒருமுறை, பையிலிருந்து எடுத்த கையோடு ஒரு நுண்துளை மின்முனையைச் சலைனில் இறக்கி அளந்துவிட்டு, வழவழப்பான பிளாட்டினத்தைவிடச் சிறிதே மேலானது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். அதை அப்படியே குவளையில் விட்டுவிட்டுப் போய் மறுநாள் காலையில் அதே அமைப்பில் அளந்தபோது, எச்சம் வெகுவாக இறங்கியிருந்தது. முனையின் விளிம்பில் ஊசிமுனை அளவு குமிழ்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. இப்போதெல்லாம் முந்தைய மாலையே ஊறவைத்து, காற்று நீக்கிய சலைனில்தான் அளக்கிறேன்.

0.9 சதவீதச் சலைன் உடல் திசுவைவிட நன்றாக மின்கடத்தும் என்பதால், அதில் கிடைக்கும் மின்தடை குறைவாகவும் மின்னோட்டம் மிகுதியாகவும் இருக்கும். எச்சமும் அதற்கேற்ப மிகைப்படும். 0.18 சதவீதத்துக்கு நீர்த்துப் பயன்படுத்துவது நல்லது. வெப்பநிலை 37 பாகையில் நிற்கட்டும். திரும்பும் மின்முனையாகச் சிறிய எஃகுத் துண்டைத் தொங்கவிட்டால், நீங்கள் அளப்பது அந்த எஃகின் எச்சமாகவும் இருக்கலாம். பெரிய பரப்புள்ள ஒன்றை வைத்து, அளவீட்டைத் தனியாக ஒரு வெள்ளி-வெள்ளிக்குளோரைடு மின்முனையைக் கொண்டு எடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் எச்சம் மிகுதியாக இருந்தால் வடிவமைப்பைத் தொட வேண்டும். முனையின் வெளி அளவைச் சிறிதாக வைத்துக்கொண்டு, பரப்பின் நுண்துளைத் தன்மையைக் கூட்டுவது முதல் வழி. சிறிய முனை மின்தடையை உயர்த்தி மின்னோட்டத்தைக் குறைக்கிறது, நுண்துளைகள் மின்தேக்குதிறனைக் காக்கின்றன. தூண்டலுக்கு முன்னும் பின்னும் அதற்கு மாறான திசையில் சிறு பல்ஸ்களைச் சேர்த்து மூன்று கட்டப் பல்ஸாக அனுப்பி எச்சத்தை ஈடுகட்டுவது இன்னொரு வழி. இதில் பின்பல்ஸின் அளவை ஒவ்வொரு மின்முனைக்கும் தனியே சரிபார்க்க வேண்டும். ஒன்றுக்குச் சரியாகப் பொருந்தும் அளவு, மற்றொன்றில் முன்பு சொன்ன நேர்த்திசைப் புரளலை உண்டாக்கிவிடும். வெளியீட்டு மின்தேக்கியின் அளவைக் குறைத்தாலும் வால் சீக்கிரம் வடியும். ஆனால் பல்ஸின் பிற்பகுதி சரிந்துவிடுவதால் த்ரெஷோல்டை மறுபடியும் அளக்க வேண்டும்.

முனையில் ஸ்டீராய்டு வைத்தால் எச்சம் குறையும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். டெக்ஸாமெத்தசோன் திசுவின் அழற்சியை அடக்கி, பொருத்திய முதல் வாரங்களில் த்ரெஷோல்டு ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. உலோகப் பரப்பின் மின்தேக்குதிறனை அது மாற்றுவதில்லை. த்ரெஷோல்டு தாழ்ந்திருப்பதால் குறைந்த வோல்ட்டில் தூண்ட முடிகிறது, அதன் வழியாக எச்சமும் குறைகிறது. ஆகவே ஸ்டீராய்டு உள்ள முனையையும் இல்லாத முனையையும் மேசைமேல் ஒரே வோல்ட்டில் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியாமல் போவது இயல்பே. அதைப் பிழை என்று பதிவு செய்ய வேண்டாம்.